தெருவில் பாவு நீட்ட யாரைக் கேட்க வேண்டும்?

(சேவூரில் நெசவாளர்கள் கூடிய கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘உள்ளாட்சிச் சட்டங்களும் விதிகளும்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு தலைப்பைப் பார்த்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்றால் ஒன்று உங்களுக்குப் பொறுமை அதிகம். இல்லாவிட்டால் உங்களில் சிலருக்காவது நோட்டீஸ் வந்திருக்க வேண்டும்.

சிரிக்கிறீர்கள். ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு ஊராட்சிச் சட்டத்தோடு பழக்கம் ஏற்படுவதே அந்த நோட்டீஸில்தான். வீட்டு வரி பாக்கி. வாசற்படி தெருவுக்கு நீண்டிருக்கிறது. சாக்கடைத் தண்ணீர் ரோட்டில் ஓடுகிறது. மாடி கட்ட அனுமதி வாங்கவில்லை. அடியில் ஒரு பிரிவு எண், ஒரு கையெழுத்து, ஒரு கெடு. அந்தப் பிரிவில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை. “யாரைப் பார்த்தால் முடியும்?” என்றுதான் கேட்கிறோம். ஊர்ச்சட்டம் என்றால் நம்மைத் தடுப்பதற்கு வந்தது, ஆளைப் பிடித்துச் சரிக்கட்டிக்கொள்ள வேண்டியது என்று மனசில் பதிந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது இதற்கு நேர்மாறான விஷயம். உள்ளாட்சி விதி முதலில் கட்டிப்போடுவது உள்ளாட்சியைத்தான். நம்மைக் கட்டுவது அதற்குப் பிறகு. மேடைக்காக இப்படிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நீதிமன்றத் தீர்ப்புகளை வைத்தே சொல்கிறேன்.

துணைவிதி என்பது சேவூர்க்காரர்களுக்குப் பழக்கமானதுதான். சங்கத் தறி நெய்கிற நீங்கள் எல்லோரும் உங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதிக்குக் கட்டுப்படுகிறேன் என்று சொல்லித்தான் உறுப்பினர் ஆனீர்கள். அந்தத் துணைவிதி 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவானது. அப்படியிருந்தும் இந்த மாதிரித் துணைவிதிக்குச் சட்டத்தின் வலு கிடையாது, உறுப்பினர்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடுதான் அது என்று 1969-இலேயே ஆந்திரக் கூட்டுறவு வங்கிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கத்தை விட்டு விலகினால் அதன் துணைவிதி உங்களைத் தொடாது. ஊராட்சி போடுகிற துணைவிதியோ வேலூரிலிருந்து நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்து நம் தெருவில் பத்து நிமிஷம் நிற்கிற லாரி டிரைவரையும் பிடிக்கும். அவர் எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. அவருக்கு இங்கே ஓட்டும் கிடையாது. கேட்காமலே ஒருவரைக் கட்டுப்படுத்துகிற அதிகாரம் அது. அதனால்தான் அரசியல் சாசனத்தின் 13-ஆவது பிரிவு, ‘சட்டம்’ என்பதில் எதெல்லாம் அடங்கும் என்று சொல்லும்போது அவசரச் சட்டம், ஆணை, விதி, அறிவிக்கை இவற்றோடு துணைவிதியையும் சேர்த்திருக்கிறது. நாடாளுமன்றம் போட்ட சட்டம் அடிப்படை உரிமையை மீறினால் எப்படிச் செல்லாதோ, அப்படியே ஒரு சின்ன ஊராட்சி போட்ட துணைவிதியும் செல்லாது. கௌரவத்திலும் ஆபத்திலும் இரண்டுக்கும் ஒரே பந்திதான்.

அதே பிரிவில் இன்னும் ஒன்று இருக்கிறது. சட்டத்தின் வலுப்பெற்ற வழக்கமும் சட்டம்தான் என்கிறது. அந்தச் சொற்றொடரைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நெசவூருக்கு அது ரொம்ப வேண்டியது.

அதற்கு முன்னால், யார் எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறோம் என்பதைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். 73-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டி வந்தது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. சேவூர் ஊராட்சிக்குத் தாய்ச்சட்டம் அது. பக்கத்திலேயே இருக்கிற ஆரணி நகராட்சிக்கு இந்தச் சட்டம் கிடையாது. அங்கே வெள்ளைக்காரன் காலத்து மாவட்ட நகராட்சிகள் சட்டம், 1920 என்பது நூறு வருஷத்தையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் இடத்தில் வரவேண்டிய நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தை 1998-இலேயே இயற்றிவிட்டார்கள். ஆனால் முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2023 ஏப்ரலில்! பெண்ணுக்கு நிச்சயம் பண்ணி இருபத்தைந்து வருஷம் கழித்துத் தாலி கட்டின மாதிரி. ஆக, சைக்கிளில் போகிற தூரத்தில் இரண்டு சட்டம். ஆரணிக்குள் வீடு கட்டிய சித்தப்பா சொல்கிற நடைமுறையை சேவூரில் வீடு கட்டுகிற அண்ணன் மகன் அப்படியே நம்பிவிடக் கூடாது. கட்டடத்தின் உயரம், பக்கவாட்டில் விட வேண்டிய இடம் இதற்கெல்லாம் மட்டும் 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இரண்டு ஊருக்கும் பொது.

இனி நம் தெருவுக்கு வருவோம்.

விடிந்து வெயில் ஏறுவதற்குள் பாவை, அதாவது தறியில் ஏற்றப்போகிற நெடுக்கு நூலை, நீட்டிவிட வேண்டும். தெருவின் ஒரு முனையில் ஒரு முளை, மறுமுனையில் ஒரு முளை. சுருட்டி வைத்திருந்த பாவைப் பிரித்து, கயிறு போட்டு இழுத்துக் கட்டுகிறீர்கள். மூன்று சேலைக்கான பாவு என்றால் ஐந்தாறு வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். நடுநடுவே குச்சிகளைக் கொடுத்துப் பரப்பி, ஆளுக்கு ஒரு பக்கம் நின்று, அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டு, கஞ்சி போட்டுக் காயவைத்து முடிக்கிற வரைக்கும் அந்தத் தெரு தெரு இல்லை; தொழிற்கூடம். பால்காரர் வண்டியை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குனிந்து போகிறார்கள். மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அடுத்த தெருவுக்குத் திருப்பிக்கொள்கிறார். யாரும் யாருக்கும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும், மழை வந்தால் யார் ஓடிவந்து கை கொடுக்க வேண்டும், ஒரே நாளில் இரண்டு வீட்டுக்குப் பாவு வந்தால் யாருக்கு முதல் முறை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். எழுதி வைக்காத உள்ளாட்சி விதி என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

ஊராட்சிச் சட்டத்தைத் திறந்து பார்த்தால் கதை வேறு. பொதுச் சாலையில் தடை ஏற்படுத்தக் கூடாது என்கிறது அது. தெரு ஊராட்சிக்குச் சொந்தம். குறுக்கே கயிறு கட்டுவதற்கும் முளை அடிப்பதற்கும் அனுமதி வேண்டும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை, யாரும் கொடுத்ததுமில்லை. இப்போது அந்தத் தெருவில் ஒருவர் புதிதாக வீடு வாங்கி வருகிறார். அவருக்குத் தறி கிடையாது, கார் இருக்கிறது. காலை ஏழரைக்கு அவர் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். அவர் மனு எழுதிப் போடுகிறார். யார் பக்கம் நியாயம்?

உங்கள் பக்கம் என்று நான் சொன்னால் கை தட்டுவீர்கள். ஆனால் வழக்கு என்று போனால் அவ்வளவு சுலபமில்லை. வழக்கம் சட்டமாக நிற்க வேண்டுமானால் அது நெடுநாள் தொடர்ந்து நடந்துவருவதாக இருக்க வேண்டும், இன்னதென்று வரையறுத்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும், நியாயமானதாகவும் இருக்க வேண்டும். நெடுநாள் என்பதைக் காட்டிவிடலாம்; தாத்தா காலத்திலிருந்து என்று சாட்சி சொல்ல ஊரே வரும். ஆனால் இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை, இன்னின்ன தெருவில் என்று வரையறுத்துச் சொல்ல எழுத்தில் என்ன இருக்கிறது? தவிர, பொதுவழியில் போவதற்கு எல்லோருக்கும் உள்ள உரிமையை வழக்கத்தைக் காட்டி மறிப்பதை நீதிமன்றங்கள் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. கார்க்காரர் ஜெயித்தாலும் ஜெயிக்கலாம்.

துணைவிதி எதற்கு என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். வழக்கம் இருக்கிறது, அதற்கு எதிரில் ஒரு சட்டம் இருக்கிறது, நடுவில் மனுஷன் மாட்டிக்கொள்கிறான். சென்னையில் உட்கார்ந்து சட்டம் எழுதுகிறவருக்குப் பாவு என்ன, முளை என்ன என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மாநிலம் முழுவதும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் கிராம ஊராட்சிகள். ஒவ்வொன்றின் தெருவுக்கும் சட்டமன்றமா விதி எழுத முடியும்? அதனால்தான் தாய்ச்சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: சட்டத்துக்கும் அரசு விதிகளுக்கும் முரணில்லாமல், மாவட்ட ஆட்சியரின் ஒப்புதலோடு ஊராட்சி தன் துணைவிதியைப் போட்டுக்கொள்ளலாம். ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். அந்தக் கதவு வழியாக நம் ஊராட்சிகள் போவது மிகக் குறைவு. மாதிரி விதி மேலிருந்து வரும், கீழே கையெழுத்துப் போட்டுத் தீர்மானம் என்று திருப்பி அனுப்புவார்கள். தீர்மானப் புத்தகத்தில் சிமெண்ட் ரோடும் மோட்டார் பழுதுச் செலவும்தான் பக்கம் பக்கமாக இருக்கும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அதிகாரம் தரவில்லை என்று அழுகிற நாம், தந்ததைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

சரி, ஊராட்சி தன் இஷ்டத்துக்கு விதி போட்டுவிட முடியுமா? முடியாது. 1898-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கென்ட் மாவட்ட சபை ஒரு துணைவிதி போட்டது. குடியிருப்பிலிருந்து ஐம்பது கஜத்துக்குள், வீட்டுக்காரரோ போலீஸ்காரரோ நிறுத்து என்று சொன்ன பிறகும் தெருவில் பாடுவதோ வாத்தியம் வாசிப்பதோ குற்றம். குரூஸ் என்பவர் தெருவில் நின்று பக்திப்பாட்டுப் பாடினார். நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தவில்லை. அபராதம் விழுந்தது. துணைவிதியே அநியாயம் என்று மேலே போனார். ரஸ்ஸல் பிரபு என்ற தலைமை நீதிபதி, மக்கள் தேர்ந்தெடுத்த சபை போட்ட விதியைக் கொஞ்சம் பெருந்தன்மையோடுதான் பார்க்க வேண்டும், ஒரு நீதிபதிக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் தள்ளிவிடக் கூடாது என்றார். கூடவே வரம்பையும் சொன்னார். ஒரு சாராருக்கு ஒரு மாதிரி, இன்னொரு சாராருக்கு வேறு மாதிரி என்று பாரபட்சம் காட்டினாலோ, வெளிப்படையான அநியாயமாக இருந்தாலோ, கெட்ட நோக்கத்தோடு போட்டிருந்தாலோ அது செல்லாது. குரூஸ் தோற்றார். ஆனால் உள்ளாட்சி விதியை உரசிப் பார்க்க உலகத்துக்கு ஓர் உரைகல் கிடைத்தது. நம் நாட்டு நீதிமன்றங்களிலும் இன்றுவரை அந்த வழக்கைச் சொல்லி வாதாடுகிறார்கள்.

இன்னொரு நிபந்தனை, விதியை ஊருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். 1951-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஹர்லா என்பவரின் வழக்கு வந்தது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923-இல் அமைச்சரவை அபின் பற்றி ஒரு சட்டத்தைத் தீர்மானமாகப் போட்டது. போட்டதோடு சரி, வெளியிடவில்லை. அதன் கீழ் ஹர்லாவுக்கு ஐம்பது ரூபாய் அபராதம். ஐம்பது ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை போனார் மனுஷன்! ஒரு அறைக்குள் எழுதி வைத்துக்கொண்டு, ஊருக்குச் சொல்லாமல், அதை மீறினாய் என்று தண்டிப்பது இயற்கை நீதிக்கே விரோதம் என்று கோர்ட் அவரை விடுவித்தது. இன்று எத்தனை ஊராட்சி அலுவலகங்களில் அந்த ஊரின் துணைவிதிகள் என்று ஒரு தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்? நோட்டீஸ் வந்தவர்கள் அடுத்த முறை அதைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த விஷயத்தில் நம் முன்னோர்கள் கெட்டிக்காரர்கள். பக்கத்து மாவட்டத்து உத்திரமேரூரில் ஊர் விதியைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்துவிட்டார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள். எந்த மேடையில் உள்ளாட்சி பற்றிப் பேசினாலும் உத்திரமேரூரைச் சொல்லாமல் இறங்க முடியாது, நானும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வழக்கமாகச் சொல்லாமல் விடுகிற இரண்டு விஷயத்தைச் சொல்கிறேன்.

ஒன்று, அங்கே இருப்பது ஒரு கல்வெட்டு இல்லை, இரண்டு. முதலாவது கி.பி. 919, அடுத்தது 921. முதல் விதியில் வாரிய உறுப்பினருக்கு வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். இரண்டே வருஷத்தில் அதை மாற்றி முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் என்கிறார்கள். கணக்குக் காட்டாதவர்கள், அவர்களுடைய உறவினர்கள் என்று யார் யார் நிற்கக் கூடாது என்பதை இரண்டாவதில் விரிவாக, உறவு முறை உறவு முறையாக எழுதுகிறார்கள். ஏன்? முதல் விதியில் ஓட்டை இருந்திருக்கிறது, யாரோ புகுந்து வந்திருக்கிறார்கள். கல்லில் வெட்டியதாயிற்றே, இனி மாற்றுவதா என்று அவர்கள் யோசிக்கவில்லை. எனக்கு அந்தக் கல்வெட்டில் பிடித்ததே இந்த இரண்டு வருஷ இடைவெளிதான்.

இரண்டாவது விஷயம் அவ்வளவு இனிப்பாக இருக்காது. அது பிராமணர் சபை. சொந்த மனையில் வீடும், வரி கட்டுகிற நிலம் குறைந்தது கால் வேலியும், வேதப் படிப்பும் கேட்டது அந்த விதி. பெண்களுக்கு இடமில்லை. அந்த ஊரில் தறி போட்டவர் யாராவது இருந்தால் அவர் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்திருக்காது. அவர் தறிக்கு வரி மட்டும் தவறாமல் விழுந்திருக்கும். ‘தறியிறை’ என்பது சோழர் கல்வெட்டுகளில் வருகிற வரிதான். ரஸ்ஸல் பிரபுவின் உரைகல்லில் உரசினால் உத்திரமேரூர் விதி தேறாது. எல்லோரும் சமம் என்கிற நம் அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவின் முன்னால் ஒரு நாள்கூட நிற்காது. கணக்கு விஷயத்தில் அவர்கள் காட்டிய கறாரை எடுத்துக்கொள்வோம். மற்றதை அந்தச் சுவரிலேயே விட்டுவிடுவோம்.

இப்போது, ஆரம்பத்தில் சொன்னேனே, விதி முதலில் கட்டுவது உள்ளாட்சியைத்தான் என்று, அதற்கு வருகிறேன். மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்று ஓர் ஊர். அங்கே நியூ ரோடு என்ற தெருவில் திறந்த சாக்கடை. மேல்பக்கம் ஒரு சாராய ஆலையின் கழிவு. ஏழைகள் ஒதுங்க வேறு இடமில்லாமல் தெருவோரத்திலேயே மலம் கழிக்கிற நிலைமை. கொசு என்றால் கொசு. மக்கள் 1972-இல் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். பெரிய அரசியல் சாசன வழக்கெல்லாம் போடவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பொதுத் தொல்லையை நீக்கச் சொல்கிற 133-ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது வந்திருக்கிற புதிய சட்டத்தில் அது 152. நகராட்சி என்ன சொன்னது தெரியுமா? இங்கே இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துதானே வீடு கட்டிக் குடிவந்தார்கள் என்றது. எங்களிடம் பணமில்லை என்றும் சொன்னது. மாஜிஸ்திரேட் ஒப்புக்கொள்ளவில்லை. நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1980-இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் தீர்ப்பு எழுதினார். சட்டம் உன் மேல் கடமையை வைத்திருக்கிறது. கஜானா காலி என்பது அதற்குப் பதில் ஆகாது. கண்ணியமாக வாழ்வதற்கு மனிதர்களுக்கு உள்ள உரிமை உன் வரவு செலவுத் திட்டத்தைக் கேட்டுக்கொண்டு நிற்காது என்பது அதன் சாரம். கெடு வைத்து வேலையை முடிக்கச் சொன்னார்.

சாக்கடைத் தண்ணீர் ரோட்டில் விடுகிறாய் என்று உங்களுக்கு நோட்டீஸ் தருகிற அதே சட்டத்தில், சாக்கடை கட்டிக்கொடுப்பது ஊராட்சியின் கடமை என்று அதற்கு முன்னாலேயே எழுதியிருக்கிறது. சாலை, தெருவிளக்கு, வடிகால், குடிநீர், துப்புரவு எல்லாம் ‘செய்ய வேண்டியவை’ வரிசையில். சந்தை, படிப்பகம், விளையாட்டு இடம் போன்றவை ‘செய்யலாம்’ வரிசையில். ‘வேண்டியவை’ எது, ‘லாம்’ எது என்று தெரிந்து வைத்திருக்கிறவரிடம் அலுவலகத்தில் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்கள். இது அனுபவம்.

இதைச் சொல்கிறபோது சாயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பட்டு என்றால் சாயம் உண்டு. கச்சாப் பட்டின் பசையைப் போக்க சோடாவும் சோப்பும் போட்டுக் கொதிக்க வைக்கிற தண்ணீர், சாயத் தொட்டியில் மிஞ்சுகிற தண்ணீர், அலசின தண்ணீர் எல்லாம் எங்கேயோ போகத்தான் வேண்டும். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகள் என்ன செய்தன என்பது நம் பகுதிக்குத் தெரியும். வேலூர்க் குடிமக்கள் போட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தியா முழுவதற்கும் பாடம் ஆயிற்று. திருப்பூரில் நொய்யல் ஆறு கெட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது! அந்த அளவுக்குப் போவதற்கு முன்னால் தடுக்கிற சின்ன அதிகாரம் ஒன்று ஊராட்சியிடம் இருக்கிறது. ‘டி அண்ட் ஓ’ லைசென்ஸ் என்பீர்களே, அபாயமோ தொல்லையோ உண்டாக்கும் தொழிலுக்கான உரிமம், அதுதான். ரசீது புத்தகத்தில் கட்டணம் வசூலிக்கிற ஒரு தலைப்பாகவே அதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

அந்த உரிமத்தை வைத்து என்ன செய்ய முடியும் என்று காட்டியது கேரளத்தில் பெருமாட்டி என்ற ஊராட்சி. அந்த ஊராட்சியில் உள்ள பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை. சுற்றியிருந்த கிணறுகள் கெட்டுப்போகின்றன என்று ஆதிவாசி மக்கள் போராடினார்கள். 2003-இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. உலகம் பூராவும் கடை விரித்த கம்பெனிக்கு எதிராக ஒரு பஞ்சாயத்துத் தீர்மானம்! கோர்ட்டில் ஊராட்சிக்கு எல்லாமே வெற்றி என்று சொல்ல மாட்டேன். முதலில் தனி நீதிபதி நிலத்தடி நீர் மக்களின் பொதுச்சொத்து என்று சொன்னார்; 2005-இல் டிவிஷன் பெஞ்ச் கம்பெனிக்குத் தண்ணீர் எடுக்க அனுமதி தந்தது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை பிறகு ஓடவேயில்லை.

நம் ஊர்ச் சாயத் தொட்டியையும் கோகோ கோலாவையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று கோபப்படாதீர்கள். நான் சொல்வது அளவு வேறு, கருவி ஒன்று என்பது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு தொட்டி வைத்திருக்கிறவரை மூடச் சொல்லும் விதி அநியாயமான விதி. நாலு தெருவுக்குப் பொதுவாக ஒரு கழிவுநீர்த் தொட்டிக்கு இடம் ஒதுக்கிவிட்டு, அதற்குப் பிறகு கால்வாயில் விடாதே என்று சொல்கிற விதி நியாயமான விதி. கடமை முன்னே, அபராதம் பின்னே. இந்த வரிசை மாறினால் அந்த விதியை எதிர்த்து நானே உங்களோடு வந்து நிற்பேன்.

தறியிலும் இந்தச் சிக்கல் வருகிறது. ஜக்கார்டுப் பெட்டியைத் தூக்க மோட்டார் பொருத்துகிறவர்கள் இப்போது நிறைய. கால் வலி குறைகிறது, நல்லதுதான். ஆனால் இயந்திரம் நிறுவ ஊராட்சியின் அனுமதி வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு மத்திய அரசின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டமோ விசைத்தறி அல்லாத தறி கைத்தறி என்கிறது. ஒரு மோட்டார் வந்தால் வீடு பட்டறையா, தறி எந்தத் தறி, கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் என்ற சலுகை நிற்குமா என்றெல்லாம் கேள்விகள் கிளம்பும். இதில் ஊராட்சி மட்டும் முடிவு சொல்லிவிட முடியாது. ஆனால் 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கு என்று பட்டியல் போட்ட 29 பொருள்களில் குடிசைத் தொழில் ஒன்று. கேட்க உரிமை இருக்கிறது.

எங்கே கேட்பது? கிராம சபையில். அது கூடும் நாள்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 50 பேரிலிருந்து 300 பேர் வரை வந்தால்தான் கூட்டம் செல்லும். வருகைப் பதிவேட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குகிற ஊர்களும் உண்டு. நம் மாவட்டத்தில் எந்த ஊர் என்று நான் சொல்லப் போவதில்லை.

இதில் மனசுக்கு உறுத்துகிற ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2016 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போது தொடங்கி 2020 ஜனவரி வரைக்கும் தேர்ந்தெடுத்த ஊராட்சியே இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான். நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர் வந்தார். மக்கள் தேர்ந்தெடுத்த சபை போட்ட விதி என்பதால்தான் பெருந்தன்மையோடு பார்க்கிறோம் என்றார் ரஸ்ஸல் பிரபு. தனி அலுவலர் போடுகிற விதிக்கு அந்தப் பெருந்தன்மை எதற்கு? அதிகாரிகள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வீட்டு வாசலில் யாரும் பாவு நீட்டுவதில்லை. தவறான விதியைப் போட்டவரை டீக்கடையில் பிடித்து “என்னய்யா இது?” என்று கேட்க முடிந்தால்தான் அது உள்ளாட்சி. ஒன்றியத் தலைமையிடத்துக்கு மனு அனுப்ப வேண்டியிருந்தால் அது மாநில ஆட்சியின் கிளை அலுவலகம்.

ஆனால் கிராம சபை இருக்கிறது. சபை கூடுவதற்குத் தேர்தல் வேண்டியதில்லை. ஓட்டர் லிஸ்டில் பெயர் இருக்கிற எல்லோரும் அதன் உறுப்பினர்கள்.

அதனால் இந்தக் கூட்டம் கலைவதற்கு முன்னால் ஒரு வேலை செய்வோம் என்று நினைக்கிறேன். அடுத்த கிராம சபைக்குப் பாவு பற்றி ஒரு துணைவிதி வரைவை எழுதுவோம். நான் யோசித்து வைத்ததைச் சொல்கிறேன், திருத்துங்கள். தெருக்களின் பெயரை வரிசையாகக் குறிப்பிட வேண்டும். ‘ஊரில் உள்ள தெருக்கள்’ என்று பொதுவாக எழுதினால் நிற்காது. நேரம் காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது என்று போட்டிருக்கிறேன். பள்ளி வேன் வருகிற தெருவுக்கு எட்டு. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வந்தால் பாவை இறக்கிப் பிடிக்க இரண்டு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தெருமுனையில் சின்னதாக ஒரு பலகை, மாற்று வழி எது என்று. முளைக்குப் பதிலாக, வேலை முடிந்ததும் மூடிவிடுகிற மாதிரி இரும்புக் குழாயைத் தரையோடு பதிப்பது ஊராட்சியின் செலவு. அது கடமை, அதனால் முதல் வரியாக எழுதியிருக்கிறேன். சிமெண்ட் ரோடு போடுகிற ஒப்பந்தக்காரர் அந்தக் குழியை மூடிவிட்டுப் போகக் கூடாது. சங்கத் தறிக்காரர், மாஸ்டர் வீவரிடம் கூலிக்கு நெய்கிறவர் என்று வித்தியாசம் கூடாது. எல்லோருக்கும் ஒரே விதி. அபராதம் கடைசி வரி. காரை எடுக்க வேண்டியவர் முந்தின நாளே சொன்னால் அந்தப் பக்கத்து முளையைத் தள்ளிப் போடுவது என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். அவரும் நம் ஊர்க்காரர்தான், கிராம சபையில் அவருக்கும் ஒரு கை உண்டு. எதிர்க்கட்டும், கேட்டுக்கொள்வோம்.

இரண்டு வருஷம் கழித்துப் பார்த்துத் திருத்துவது என்று கடைசிக்கு முந்தின வரியில் போட்டுவிடலாம். உத்திரமேரூர்க்காரர்களிடம் கடன் வாங்கியது.

முன்வரிசையில் பெரியவர் ஒருவர் கையைத் தூக்குகிறார். சொல்லுங்க ஐயா. குழாய் பதிக்கிற இடத்தில் குடிநீர் லைன் போகிறதா? எந்தத் தெருவில்? அப்படியானால் குழாய்க்கு இடம் குறிப்பதற்கு முன்னால் டேங்க் ஆபரேட்டரைக் கூட வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிவிடலாம். அந்தத் தெருப்பெயரைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன். மற்றவர்களும் சொல்லலாம்.